உங்கள் கூச்சிங்கின் வம்சம்

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் உங்கள் தமையனார் வேலியில் ஆள் நுழைய விட்ட பொட்டுக்குள்ளால் குனிந்து என் வளவுக்கு வந்தார். தோளில் கிடந்த சால்வையை விரித்து, அதற்குள் சுருண்டு கிடந்த ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

“மலாயாச் சாதிப் பூனை, பிள்ளை. எலி பிடிக்கிறதிலை கெட்டி. எத்தினை பேர் கேட்டவை, நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. நீர் தனிய இருக்கிறீர், உமக்கொரு துணையாக் கிடக்கட்டும்.”

குட்டியைப் புரட்டிப் பார்த்தேன். வால் இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் நீளத்துக்கு ஒரு முடிச்சு, அதன் மேல் முயலுக்கு இருப்பதைப் போல் ஒரு மயிர்க் குஞ்சம். அதைத் தொட்ட உடனே எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வாயைத் திறந்தால் என்ன வருமென்று எனக்கே தெரியாது. பேசாமல் இருந்தேன். அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு, வந்த பொட்டாலேயே திரும்பிப் போனார்.

மச்சாள், உங்களோடும் எனக்குக் கோபம்தான். செத்துப்போனவர்களோடு கோபிக்கக் கூடாது என்பார்கள். நான் கோபிக்கிறேன். கேட்டுக்கொண்டிருங்கள்.

மூத்தவர் பெரியத்தான், நடுவில் நீங்கள், கடைசித் தம்பி என் மனுசன். கலியாணம் முடித்த கையோடு நீங்கள் மலாயாவுக்குப் போனீர்கள், ஈப்போவில் றெயில்வேக் கிளாக்கரின் பெண்சாதியாக. உங்கள் சீதன வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் திறப்பைப் பெரியத்தானிடம் கொடுத்தீர்கள். அவர் பார்த்துக்கொண்டார். தன் மனைவியின் வீட்டை மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, மிச்சக் குடும்பத்தோடு உங்கள் வீட்டுக்குள் குடிவந்தார். நீங்கள் புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளை குட்டி இல்லாமல், வெள்ளைச் சேலையோடு கப்பலேறி வந்தபோது உங்கள் வீட்டில் உங்களுக்குக் கிடைத்தது குசினிக்குப் பக்கத்து அறை. அப்போதே ஒரு சொல் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை.

வண்டிலால் இறங்கும்போது உங்கள் கையில் ஒரு பிரம்புக் கூடை இருந்தது. பெட்டிகளை மற்றவர்கள் இறக்கவிட்டு, அந்தக் கூடையை மட்டும் நீங்கள் ஒருவரிடமும் கொடுக்கவில்லை. நகை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பெரியத்தானின் மனைவி கூடையை விட்டுக் கண் எடுக்கவேயில்லை. நீங்கள் மூடியைத் திறந்தீர்கள். மண்ணிறமும் வெள்ளையும் கலந்த ஒரு கடுவன் பூனை வெளியே குதித்து, சோம்பல் முறித்து, எல்லாரையும் பார்த்து ஏதோ நீளமாகக் கதைத்தது.

“ஐயோ, ஆர் உதின்ரை வாலை வெட்டினது?” என்று நான் கத்தினேன்.

“ஒருத்தரும் வெட்டேல்லைப் பிள்ளை. பிறவியே அப்பிடித்தான். அங்கை அரைவாசிப் பூனையள் உப்பிடித்தான் திரியும். சிலதின்ரை வால் கொக்கி மாதிரி மடங்கிக் கிடக்கும். இஞ்சை வாரும், தொட்டுப் பாரும். காயம் இருக்கோ?”

காயம் இல்லை. நான் நம்பினேன், ஊர் நம்பவில்லை. களவெடுத்துத் தின்று வாலறுபட்டது என்றார்கள். பேய் பிசாசுக்குக் கழிப்புக் கழிக்க அறுத்தது என்றார்கள். “கண்டறியாத மலாயாப் பூனை!” என்று பெரியத்தானின் மனைவி வாயைச் சுளித்தார். நீங்கள் அதற்கு வைத்த பெயர் கூச்சிங். என்ன பெயர் இது என்று கேட்டால், மலாய்க்காரர் பூனையை அப்படித்தான் சொல்வார்கள் என்றீர்கள். பூனைக்குப் பூனை என்றே பெயர் வைத்த ஆள் இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான்.

அந்தப் பூனையைப் பழகப் பழகத்தான் அது எங்கள் ஊர்ப் பூனைகளின் சாதி இல்லை என்று விளங்கியது. எங்கள் பூனைகள் மதிலோரம் பதுங்கிப் போகும். அதற்குப் பின்னங்கால் நீளம். முற்றத்தில் முயலாகத் துள்ளும். கூப்பிட்டால் வரும், அதுவும் பதில் சொல்லிக்கொண்டே வரும். நீங்கள் துலாவில் தண்ணீர் அள்ளும்போது கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து, வாளி மேலே வந்ததும் முன்னங்காலை நனைத்து நக்கும். தண்ணீருக்குப் பயப்படாத பூனையை நான் அதற்கு முன் கண்டதில்லை. சந்தோசம் வந்தால் அந்த வால் முடிச்சு மட்டும் துடிக்கும். ஒரு புன்னங்கொட்டையை எறிந்தால் ஓடிப்போய்க் கவ்வி வந்து காலடியில் போட்டுவிட்டு, மறுபடி எறியச் சொல்லி முகத்தைப் பார்க்கும். எறியாவிட்டால் ஏசும். என் மனுசன் வேலை முடிந்து வந்தால் என்னிடம் தேத்தண்ணி கேட்க முதல் உங்கள் முற்றத்துக்குப் போய்க் கொட்டை எறிவார். அதையும் மறக்கக் கூடாது, ஏனென்றால் பின்னால் அதைச் சாக்குக்குள் பிடித்ததும் அவர்தான்.

உங்களுக்கு ஈப்போவிலிருந்து உயிரோடு வந்தது அது ஒன்றுதான். “இவர் கடைசியா மடியிலை வைச்சிருந்தது கூச்சிங்கைத்தான்” என்று ஒருநாள் சொன்னீர்கள்.

பெரியத்தான் ஒரு காரியமாக வெளிக்கிடும் நாட்களில் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்பார். “தங்கச்சி உள்ளுக்கோ?” வெளிக்கிடும்போது கைம்பெண் எதிரே வந்தால் முழிவியளம் என்கிற சகுனம் பிழைத்துப்போகுமாம், போன காரியம் சரிவராதாம். நீங்கள் அறைக்குள் இருந்து, “ஓம் அண்ணை, உள்ளுக்குத்தான்” என்பீர்கள். அந்தக் குரல் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். எனக்குப் பத்திக்கொண்டு வரும். உங்கள் வீடு, உங்கள் வாசல், நீங்கள் உள்ளே!

அவருக்குத் தெற்கு வளவுக்காரரோடு வேலி வழக்கு. வேலிக்கு நட்ட ஒரு பூவரசங் கதியால் எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் வழக்கு. வழக்குக்குக் கூப்பிட்ட தவணை நாள் காலையில் விபூதி பூசி, சால்வை போட்டு, “தங்கச்சி உள்ளுக்கோ?” என்று கேட்டு, உங்கள் பதிலையும் வாங்கிக்கொண்டு காலை எடுத்து வைத்தார். கூச்சிங்கை உள்ளே வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அது துள்ளிக் குறுக்கே வந்து, புன்னங்கொட்டையை அவர் காலடியில் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்தது.

மனிதர் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். தண்ணீர் குடித்தார். தோஷம் கழியட்டும் என்று கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி வந்தார். கூச்சிங் என்ன செய்யும்? இந்த ஆளும் விளையாட வந்துவிட்டார் என்று நினைத்து, கொட்டையைக் கவ்விக்கொண்டு இன்னும் வேகமாக ஓடி வந்தது. அவர் மறுபடி உள்ளே போய், மறுபடி இருந்து, மறுபடி தண்ணீர் குடித்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பஸ் போய்விட்டது. அவர் ஒரு வண்டில் பிடித்துப் பட்டணம் போய்ச் சேர, வழக்கைக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று தள்ளியும் விட்டார்களாம். அவருக்காக வழக்குப் பேசுகிற பிரக்கிராசியார் நீதிமன்ற வாசலில் வைத்தே ஏசினாராம்.

கதிரையில் இருந்து தண்ணீர் குடித்தவர் அவர். பிந்தியவர் அவர். பழி பூனைக்கு.

அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு சந்தேகம். வாலில்லாத பூனை குறுக்கே போனால் அது பூனைக் கணக்கில் சேருமா? சாதகம் பார்க்கிற சாத்திரியாரிடம் போய்க் கேட்டார். சாத்திரியார் விரலை மடக்கி விரித்து, வாலில்லாததால் அது அரைப் பூனைதான், ஆனால் தோஷம் ஒன்றரை மடங்கு என்றார். படித்த மனிதர், அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர், அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தார்.

“உது இனி இந்த வளவிலை நிக்கப்படாது. தம்பி, சாக்கை எடு” என்றார்.

என் மனுசன் சாக்கை எடுத்தார். அண்ணை சொன்னால் அதற்கு மறுசொல் அவருக்குக் கிடையாது. நான் பொட்டுக்குள்ளால் ஓடி வந்து, “விட்டுடுங்கோ, நான் வளக்கிறன்” என்று கத்தினேன். “நீர் சும்மா இரும்” என்றார் பெரியத்தான். வேறு ஆள் கூப்பிட்டால் கூச்சிங் ஓடியிருக்கும். கூப்பிட்டது கொட்டை எறிகிற ஆள். பதில் சொல்லிக்கொண்டே வந்தது.

நீங்கள் குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு சொல், ஒரேயொரு சொல், “இது என்ரை வீடு” என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது.

“சாக்கின்ரை வாயை இறுக்கிக் கட்டாதை தம்பி. மூச்சு முட்டும்.”

எங்கே கொண்டுபோய் விட்டீர்கள் என்று நான் இவரோடு சண்டை பிடித்தேன். சோறு வைக்கவில்லை, முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில், “குருநகரிலை, மீன் கரைக்கு வாற இடத்திலை” என்றார். பூனைக்கு மீன் கிடைக்கும் என்று அவருடைய நியாயம். நீங்களும் நானும் கோயிலுக்கு என்று சொல்லிப் பஸ் ஏறினோம். வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கருவாட்டு மணத்துக்கும் வலைகளுக்கும் நடுவில், “கூச்சிங், கூச்சிங்” என்று கூப்பிட்டுக்கொண்டு நடந்தீர்கள். குரல் வெளியில் வர வெட்கப்படுகிற நீங்கள்! மாதா கோயில் மதிலடியில் மீன் விற்கிற ஒரு மனுசியின் மடியில் அது கிடந்தது. உங்கள் குரல் கேட்டதும் துள்ளி வந்து உங்கள் காலைச் சுற்றிச் சுற்றி ஏசியது. வால் முடிச்சு துடித்த துடிப்பை நான் பார்த்தேன்.

“உங்கடை பூனையோ அம்மா?” என்றார் அந்த மனுசி. “வந்த நேரம் ஒரே கத்தல். இப்பத்தான் வாய் வைச்சுத் தின்னுது. கொண்டு போங்கோ. பெடியளுக்குத்தான் கவலையா இருக்கும். கடலுக்குப் போற ஆக்களும் இதைத் தடவிப்போட்டுத்தான் வள்ளம் ஏறுகினம். இது வந்த முதல் நாளே நல்ல மீன் பட்டுட்டுது, அதுதான்.”

நீங்கள் குந்தியிருந்து அதன் தலையைத் தடவினீர்கள். வெகுநேரம் தடவினீர்கள். நான் சேலைத் தலைப்பை விரித்துக்கொண்டு, தூக்குங்கோ, சுத்திக்கொண்டு போவம் என்று நின்றேன். நீங்கள் எழும்பி, “இஞ்சையே நிக்கட்டும்” என்றீர்கள்.

திரும்பி வரும்போது ஏன் என்று கேட்டேன். “அங்கை அதைக் கண்டு ஒருத்தரும் திரும்பிப் போறேல்லைப் பிள்ளை. அதுக்காவது ஒரு வாசல் கிடைச்சிட்டுது.”

வடிவான பேச்சு. எனக்குப் பிடிக்கவில்லை மச்சாள், அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் படலையைக் காலால் உதைத்துத் திறந்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்றிருப்பேன். அடுத்த மாரிகாலத்தில் ஒரு காய்ச்சலோடு போய்விட்டீர்கள். செத்தவீட்டில் பெரியத்தான் பந்தலுக்கு நடுவில் நின்று, “என்ரை தங்கச்சி பொறுமைசாலி” என்று அழுதார். பொறுத்தார் பூமி ஆள்வாராம்! பொறுத்தது நீங்கள். உங்கள் சீதனப் பூமியை ஆள்கிறது அவர்.

ஆனால் கூச்சிங் உங்களைப் போல் அடங்கியிருந்த சீவன் இல்லை. இருந்த காலத்தில் ஒழுங்கை, தெரு முழுக்கச் சுற்றியிருக்கிறது. தெற்கு வளவுக்காரரின் பெட்டைப் பூனை குட்டி போட்டபோது இரண்டுக்கு வால் இல்லை. அதுகளின் குட்டிகள் பரவி, எல்லைக் கல்லையும் கதியாலையும் கணக்கில் எடுக்காமல் பெரியத்தானின் நெல்லறைக்குள் குடிபுகுந்தன. எலி குறைந்ததால் விட்டுவைத்தார்கள். யப்பான்காரன் சண்டை முடிந்து மலாயாவிலிருந்து திரும்பி வந்த ஒருவர் அதுகளைக் கண்டு, “அட, எங்கடை குவாட்டர்ஸ் பூனையள்!” என்று மெச்சினார். அன்றிலிருந்து பெரியத்தானுக்குப் பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் மடியில் தூக்கிவைத்துக் காட்டுகிறார். உங்கள் பெயரை அதோடு சேர்த்து அவர் ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை.

என் மனுசன் செத்து ஒரு வருசமாகப் போகிறது. இப்போது நானும் வெள்ளைதான். பெரியத்தான் பஸ்ஸுக்குப் போகிற வழி என் படலையைத் தாண்டித்தான். அவருடைய அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு அந்தக் கேள்வி வேலிக்கு மேலால் என்னிடம் வந்தது. “பிள்ளை உள்ளுக்கோ?” முதல்நாள் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது உடம்பு முழுக்க எரிந்தது. ஆனாலும் இவ்வளவு நாளும் “ஓம் அத்தான்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், உங்கள் அதே குரலில்.

இன்று காலை வேலி வழக்குத் தவணை. அதே கதியால்தான், புது வழக்கு. விபூதி மணம் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தது. “பிள்ளை உள்ளுக்கோ?” என்றார்.

“இல்லை அத்தான். வெளியிலைதான் நிக்கிறன்” என்றேன்.

படலையைத் திறந்து ஒழுங்கையின் நடுவில் போய் நின்றேன். குட்டி என் தோளில் ஏறியிருந்து அவரைப் பார்த்து நீளமாகக் கதைத்தது. பெரியத்தான் அப்படியே நின்றார். என் சேலையைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார்.

“பிள்ளை, என்ன இது, முழிவியளம்...”

“உங்கடை சாதிப் பூனைதானே அத்தான்” என்றேன். “திரும்பிப் போங்கோ. போயிருந்து தண்ணி குடியுங்கோ. எவ்வளவு நேரமெண்டாலும் குடியுங்கோ. நாங்கள் இஞ்சைதான் நிப்பம்.”

அவர் என்னைத் தாண்டிப் போவார் என்று ஒரு கணம் நினைத்தேன். போகவில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்தார். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு பஸ் போகும் சத்தமும் கேட்டது.

நான் உள்ளே போகவில்லை, மச்சாள்.