மூடி உடைக்காத சாராயம்

மாசி 9, ஞாயிறு

விடிய நல்ல பனி. இவருக்கு இரவு முழுக்க நோவு. கஞ்சி மூன்று கரண்டி. நோவுக்குக் கொடுக்கும் குளிசை முடிகிறது, நாளை வாங்க வேண்டும்.

ஈரலில் புற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். "விரும்பினதைக் குடுங்கோ அம்மா" என்றார் டொக்டர்.

பின்னேரம் இவர் கேட்டது: "அலுமாரிக்குள்ளை கிடக்கிற சாராயப் போத்திலை எடும். வாய் நனைச்சால் காணும்."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மாசி 10, திங்கள்

பண்டத்தரிப்புச் சந்தியில் குளிசையும் கஞ்சிக்குத் தேசிக்காயும் வாங்கினேன். வரும் வழியெல்லாம் அதே யோசனை.

மகன் கண்ணன் கனடாவுக்குப் புறப்பட்ட அன்று, இவர் வெறியில் வாசல் படலையடியில் விழுந்து கிடந்தார். பிள்ளை தகப்பனைத் தாண்டித்தான் வாடகை வானில் ஏறினான். மறுநாள் வெறி முறிந்ததும் இவர் சாரத்தில் செருகியிருந்த இந்தப் போத்தலை அலுமாரியில் வைத்தார். "இனித் தொடன்" என்றார். தொடவில்லை. பதினொரு வருடம்.

கண்ணன் நம்பவே இல்லை. ஞாயிறு தவறாமல் போன் எடுப்பான், என்னோடு மட்டும். "அவர் எப்பிடி?" என்பான். அப்பா என்ற சொல் வாயில் வராது.

மாசி 11, செவ்வாய்

போத்தலை எடுத்துத் துடைத்தேன். லேபல் மங்கிவிட்டது. இவ்வளவு பழசு, குடிக்கக் கொடுக்கலாமா? கேட்க யார்? கண்ணனுக்கு அங்கே சாராயக் கடையில்தான் வேலை. அவனுக்கே போன் எடுத்தேன்.

"திரும்பத் துவங்கிட்டாரோ?"

"இல்லை ராசா. கடைசி ஆசை. பழசு, நஞ்சாகியிருக்குமோ?"

"மூடி உடைக்காட்டி ஒண்டும் செய்யாது. வெய்யில் பட்டதோ?"

"இல்லை. அலுமாரிக்குள்ளை, நிமித்தி வைச்சபடி."

"அப்ப எத்தினை வருசமும் அப்பிடியே நிக்கும். எப்ப வாங்கினது?"

"நீ போன அண்டைக்கு."

"மூடியைப் படம் எடுத்து அனுப்புங்கோ."

அனுப்பினேன். மூடியின் சீல் அப்படியே இருந்தது. வெகுநேரம் கழித்து அவனே எடுத்தான். "அம்மா, அப்பாட்டைக் குடுங்கோ."

போனை இவர் காதில் வைத்துப் பிடித்தேன். கண்ணன் அழுவது எனக்கும் கேட்டது. இவர் கேட்டது: "சாப்பிட்டியோ?" அவ்வளவுதான். அதையே இரண்டாம் முறையும் கேட்டார்.

பிறகு, "இஞ்சாருங்கோ, போத்திலை உடைக்கட்டோ?" என்றேன்.

"வேண்டாம். இருக்கட்டும்."

மாசி 12, புதன்

கஞ்சி இறங்கவில்லை. கண்ணன் பிளேன் ரிக்கற் போட்டுவிட்டான், சனி வருவானாம். காதுக்குள் சொன்னேன். விளங்கியதோ தெரியாது. கை மட்டும் என் விரலைப் பிடித்தது.

மாசி 13, வியாழன்

காலை. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற நேரம். தனியே போய்விட்டார்.

மாசி 16, ஞாயிறு

கண்ணன் வரும்வரை வைத்திருந்தோம். படலையடியில் வந்து நின்றவன், உள்ளே கால் வைக்கவே நேரம் எடுத்தான். இன்று கொள்ளி வைத்தான். எழுத ஏலவில்லை.

மாசி 20, வியாழன்

எட்டாம் நாள், எட்டுச் செலவு. படையலுக்கு மீன் குழம்பு, முட்டை, வடை, கத்தரிக்காய்ப் பொரியல். இவருடைய தம்பி செல்வம், "அண்ணைக்குச் சாராயமும் வைக்க வேணும். உந்தப் போத்தில் இப்ப நல்லா ஊறியிருக்கும்" என்றான்.

"போத்திலுக்குள்ளை ஊறாது சித்தப்பா" என்றான் கண்ணன். "அப்பா திறக்கேல்லை. நாங்களும் திறக்க வேண்டாம்."

எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தான்.

"பின்னேரத்திலை அப்பா என்ன செய்யிறவர்?"

"தோட்டத்திலை பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுவார். பிறகு வைரவர் கோயில்."

"ஞாயிறிலை?"

"நீ எடுக்கிற நேரம் எனக்குப் பக்கத்திலை கதிரை போட்டு இருப்பார். சத்தத்தைக் கூட்டி வையும் எண்டுவார்."

"ஒருநாளும் சொல்லேல்லையே அம்மா."

"சொல்ல வேண்டாம் எண்டவர். தெரிஞ்சால் நீ கதைக்கமாட்டாயாம்."

எழும்பி முற்றத்துக்குப் போனான். இன்னும் உள்ளே வரவில்லை.