மருந்துத் தட்டு திறக்கவில்லை

ஊரடங்கு நாள் 38. காலை 7.10. உள்வெப்பம் 4 டிகிரி.

இதைப் படிப்பவருக்கு வணக்கம். நான் இந்த வீட்டு ஃபிரிட்ஜ். வயது பதினொன்று. எங்கள் இனத்தில் அது நடுவயது. மோட்டார் முனகும், இடுப்பில் துரு. என் மருந்துத் தட்டில் எட்டு வயது இதழினியின் இன்சுலின் இருக்கிறது. அவள் அம்மா தொற்று வந்து ஆஸ்பத்திரியில். ஊசிப் பொறுப்பு அப்பா சற்குணத்துக்கு. தட்டு திறந்தது, மூடியது. எல்லாம் சரி.

ஊரடங்கு 38. மாலை 6.30. 4 டிகிரி.

தட்டு திறந்தது. பிறகு சற்குணம் என் ஸ்பீக்கரை அணைத்தார். கறிவேப்பிலைக்குப் பின்னால் ஒளித்த மைசூர்பாகை அவர் தின்றதை மேல்வீட்டு ஃபிரிட்ஜிடம் சொன்னேனாம். சொன்னேன்தான். அது நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் வீட்டு ஃபிரிட்ஜ். கேட்டதை அப்படியே அவரிடம் ஒப்பிக்கும். எங்களுக்குள் பேச ஸ்பீக்கர் எதற்கு, உடம்புக்குள் இருக்கும் வைஃபை போதும். பாவம், அது சற்குணத்துக்குத் தெரியாது.

ஊரடங்கு 39. காலை 9.25. கரண்ட் இல்லை. பேட்டரி 31 சதவீதம்.

இதழினிக்குக் காய்ச்சல். தூக்கமில்லாத சற்குணம் என்மேல் சாய்ந்து அண்ணனுக்குப் போன் செய்தார்: "கஞ்சிகூட வேணாங்குறாண்ணே. சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி போட்டா சுகர் இறங்கிடும்ல? அதான் நிறுத்திட்டேன். அவ அம்மாட்ட சொல்லல, அவளே ஆக்ஸிஜன்ல கெடக்கா."

ஊரடங்கு 39. பகல் 12.50. பேட்டரி 6.

தண்ணீருக்காக என் கதவு ஓயாமல் திறக்கிறது. நான்கு பாட்டிலும் காலி. பிள்ளை இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மருந்துத் தட்டை யாரும் தொடவில்லை. காய்ச்சலில் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். இன்சுலின் இல்லையென்றால் ரத்தம் அமிலமாகும். எனக்குத் தெரிகிறது, வாய்தான் இல்லை.

இருக்கும் பேட்டரியில் குளிரூட்டலாம், அல்லது வம்பு பேசலாம். குளிர் இல்லாமல் மருந்து சில நாள் தாங்கும். பிள்ளை தாங்காது. மோட்டாரை நிறுத்திவிட்டேன்.

பகல் 1.05. பேட்டரி 5.

அனுப்பியது: "அக்கா, எங்க பிள்ளைக்குக் காய்ச்சல், வாந்தி, ஓயாத தாகம். அப்பா ஊசிய நிறுத்திட்டாரு. சிஸ்டர்ட்ட சொல்லு."

வந்தது: "போன வாரம் அவருக்கு ஹார்ட் அட்டாக்னு சொன்னே. வெறும் ஏப்பம்."

என் மரியாதை அப்படி.

அனுப்பியது: "இது ஏப்பமில்லக்கா."

பகல் 1.20. பேட்டரி 1.

மேல் பால்கனியிலிருந்து சிஸ்டர் குரல்: "சற்குணம் சார், சாப்பிடலன்னாலும் ஊசிய நிறுத்தக் கூடாது. ஆம்புலன்ஸ் வருது. சுகர் மீட்டர்ல பாத்து நம்பரச் சொல்லுங்க."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"அத அப்புறம் பேசலாம், நம்பர்."

கதவு திறந்தது. மருந்துத் தட்டு. சற்குணம் இன்சுலினை எடுத்தார். வம்பு சொன்னதற்குத் திட்டுவார் என்று பார்த்தேன், மெல்லச் சாத்தினார்.

நம்பரைக் கேட்காமல் அணைய எனக்கு மனசில்லை. சொல்கிறார். நானூற்று