முயல் கூண்டில் ஒரு காக்கிச் சட்டை

மார்ச் 3

என் ஹாரன்காரருக்கு,

மகள் ஊர் மருத்துவமனைச் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் சாப்பிடுகிறீர்களா? மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். சாமானை எல்லாம் மூட்டை கட்டிவிடலாம். உங்கள் முயல்கள் இரண்டையும் எப்படிக் கட்டுவது? மகள் வீடு பதினான்கு மணி நேர வழி. முயல்களில் பெரியவர் வண்டிச் சத்தம் கேட்டாலே மூலையில் ஒடுங்கிவிடுகிறார். சின்னவள் என் துடைப்பத்தைத் தின்று தீர்க்கிறாள். லாரி ஓட்டியவருக்குத்தானே வழி தெரியும், எழுதுங்கள். என் எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

உங்கள் சண்டைக்காரி

மார்ச் 9

அடி சண்டைக்காரி,

உன் எழுத்து நேராகத்தான் இருக்கிறது, கோபம்தான் கோணல். கேள். வெயிலுக்கு முன் கிளம்பு. இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை வண்டியை நிறுத்திப் புல்லும் தண்ணீரும் வை. அரை நாள் தின்னாமல் கிடந்தால் முயல் பிழைப்பது கஷ்டம். முக்கியமாக, அதுகளின் பழைய விரிப்பைத் துவைத்துவிடாதே. தெரிந்த வாசனை இருந்தால்தான் பயப்படாமல் தின்னும்.

நான் ஊர் ஊராகச் சுற்றிய வருஷமெல்லாம் நீதான் வீட்டைத் தாங்கினாய். வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. எழுத்தில் சொல்கிறேன், சிரிக்காதே.

உன் ஹாரன்காரன்

ஏப்ரல் 20

என் ஹாரன்காரருக்கு,

எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியாமலே எழுதுகிறேன். நீங்கள் போய் முப்பது நாள். நேற்று உங்கள் முயல்களை மகள் வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.

உங்கள் கூட்டாளி தாடி அண்ணன்தான் வேன் ஓட்டினார். நான் ஒரு தப்புச் செய்தேன். மருமகன் வீட்டார் மூக்கைப் பொத்தக்கூடாதே என்று, முந்தின நாளே கூண்டு, விரிப்பு எல்லாவற்றையும் சோப்புப் போட்டு அலசிவிட்டேன். நீங்கள் எழுதியது நினைவிலேயே இல்லை. வழியில் பெரியவர் புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மதியத்துக்குள் காது இரண்டும் சில்லிட்டுப்போயின.

"தங்கச்சி, இது தாங்காது போலிருக்கு. அவன் ஏதாச்சும் எழுதியிருந்தானா, எடுத்துப் பாரு" என்றார் அண்ணன்.

கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். "அய்யோ, துவைச்சுத் தொலைச்சுட்டேனே அண்ணே!"

துவைக்காதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உங்கள் காக்கிச் சட்டை. தலையணை உறைக்குள் எனக்கென்று ஒளித்து வைத்திருந்தேன். எடுக்க மனசு வரவில்லை. எடுத்தேன். கூண்டில் விரித்ததும் பெரியவர் அதன் கக்கத்துக்குள் மூக்கை நுழைத்துப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் கறுக் கறுக்கென்று புல் கடிக்கும் சத்தம்.

"போயும் டூட்டி பாக்குறான் பாரு, கிறுக்கன்" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன். நீங்கள் போனபிறகு முதல் தடவை.

மகள் வீட்டுத் தெருமுனையில் அண்ணன் உங்களைப் போலவே இரண்டு ஹாரன் அடித்தார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டேன். உங்களுக்கும் நன்றி. வாய்விட்டே சொன்னேன்.

உங்கள் சண்டைக்காரி

மடித்ததை மறுபடி பிரித்து எழுதுகிறேன். சட்டைப்பையில் இப்போது ஓட்டை. முழுக்க முயல் நாற்றம். மகள் வாளியோடு நிற்கிறாள். "அம்மா, இதைத் துவைச்சுடவா?" என்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?