கன்சர்ட்டினா தேடிய செப்டம்பர்

செப்டம்பர் 6, சனி

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். துணி காயவில்லை.

கன்சர்ட்டினாவில் இன்னொரு பொத்தான் அவுட். இதோடு நான்கு. ஆன்லைனில் வாங்கிய சைனாப் பெட்டி, வேறென்ன எதிர்பார்ப்பது. துருத்தி ஓரத்தில் ஒட்டிய செல்லோடேப்பும் பிய்ந்துவிட்டது. இழுத்தால் சுரத்துக்கு முன்னால் காற்று வருகிறது, என்னைப் போலவே.

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் தொண்டையில் மேல் ஸ்தாயி கிடையாது. சத்தம் போட்டால் வெறும் காற்று. "பேச்சு வந்துச்சே, அதுவே பெரிசும்மா" என்கிறார் டாக்டர். அவருக்கென்ன. பள்ளியில் இடுப்பு மைக் மாட்டிக்கொண்டு அறிவியல் நடத்திவிடலாம். பாட்டுக்கு மைக் என்ன செய்யும்? பாடாமல் என்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டு கைக்குள் அடங்கும் இந்த ஆறுமூலைப் பெட்டிதான் இப்போது எனக்குப் பதிலாகப் பாடுகிறது. அதுவும் சாகக் கிடக்கிறது.

வேண்டியது: பழைய இங்கிலாந்துப் பெட்டி. உள்ளே காற்றில் அதிர்ந்து சுரம் எழுப்பும் எஃகு நாக்கு. நிஜத் தோல் துருத்தி. ஒரு பொத்தானை அழுத்தினால், துருத்தியை இழுத்தாலும் தள்ளினாலும் ஒரே சுரம் வர வேண்டும். (சைனாப் பெட்டியில் இழுத்தால் ஒன்று, தள்ளினால் வேறு. ஒரு ராகம் முடிவதற்குள் கை சுளுக்கிக்கொள்ளும்.)

மளிகை: உ.பருப்பு, துணி சோப்பு, கொசுவத்தி.

செப்டம்பர் 9, செவ்வாய்

பூதலூர் ஸ்டேஷனில் ரயில் லேட். பெஞ்சில் உட்கார்ந்து போன் மேல் போன்.

சென்னைக்காரர்: "அது வித்துப்போச்சு மேடம். அக்கார்டியன் இருக்கு. அதைவிடப் பெரிசு." பெரிசாம்!

தஞ்சாவூர் ஹார்மோனியக் கடை: "அதெல்லாம் இப்ப யாரு வாசிக்கிறா? சுருதிப் பெட்டி எடுத்துக்குங்க. கரண்டுல ஓடும், நீங்க சும்மா இருக்கலாம்." சும்மா இருப்பதற்கா தேடுகிறேன்?

கும்பகோணம் பழைய சாமான் கடைக்கு ஞாயிறன்று நேரிலேயே போனது தண்டம். அவர் காட்டிய பெட்டிக்குள் ஒரு நாக்குகூட இல்லை, வெறும் கூடு. "பல்பு போட்டு மாட்டினா அழகா இருக்கும்" என்றார். வந்த கோபத்தில் டீகூடக் குடிக்கவில்லை.

வீட்டுக்காரர் மு.வுக்குச் சிரிப்பு. "கல்யாணத்துக்கு என்னைத் தேடினப்பகூட உங்க வீட்டுல இவ்வளவு அலையல." போடா என்று மனதுக்குள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கிடைத்துவிட்டது!!

எங்கள் பள்ளி ஷகிலா டீச்சருக்குத் தெரிந்த குடும்பம். குடவாசலில் ரஹ்மத்துல்லா பாய். அவருடைய அத்தா பினாங்கில் கடை வைத்திருந்தபோது வாங்கி வந்த பெட்டியாம். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். கருத்த மரம், எலும்புப் பொத்தான், மேலே தூசி. பாய்க்கு வாசிக்கத் தெரியாது. ஏதோ ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு இழுத்தார், தள்ளினார். ஒரே சுரம். பிசிறே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபது தடவையாவது போட்டுக் கேட்டிருப்பேன்.

மு. உடனே: "ஆசையக் காட்டிடாத. விலை ஏறிடும். ஏதாவது குறை சொல்லு." கத்தரிக்காய் வாங்கினாலும் இந்த வீட்டில் அதுதான் முறை. என்ன குறை சொல்வது? அப்பழுக்கில்லாத பெட்டி. போனில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஒரே அழுக்கா இருக்கே பாய்."

"அப்படிங்களா டீச்சர்? சும்மா கெடந்த பொட்டிதானே" என்று குரலை இறக்கினார். விலையையும் கொஞ்சம் இறக்கினார். மு. எனக்குக் கை கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

மழை. குறுவை அறுத்தவர்கள் நெல்லை ரோட்டிலிருந்து அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆட்டோ நகரவில்லை, பள்ளிக்கு லேட். HM முறைப்பு.

மூன்றாம் பீரியடில் மைக் பேட்டரி தீர்ந்தது. வாயசைத்தேன், பின் பெஞ்சு சிரித்தது. ஞாயிறு எப்போது வரும்?

பாய் மெசேஜ்: "டீச்சர் கவலை வேணாம். நீங்க வர்றதுக்குள்ள ரெடி பண்ணி வைக்கிறோம்." பார்சல் கட்டி வைப்பார்கள் போல.

செப்டம்பர் 21, ஞாயிறு. பஸ்ஸில்

எழுத்து ஆடுகிறது. வீட்டுக்குப் போனபின் எழுத மனம் வராது.

மு. வரவில்லை, ஒரத்தநாட்டில் அவர் அக்கா வீட்டுக் காதுகுத்து. தனியாகத்தான் குடவாசல் போனேன்.

பாயின் மனைவி நூர்ஜஹான் அக்கா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க டீச்சர், வாங்க. நீங்க அழுக்குன்னு சொன்னீங்கன்னு இவுக ஒரு வாரமா வருத்தப்பட்டாங்க. மேல வந்து பாருங்க."

மொட்டை மாடி. முறத்தில் பரப்பிய பித்தளைத் துண்டுகள், தங்கம் போல. பெட்டியைப் பிரித்து, நாக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாக உருவி, புளிக்கரைசலில் ஊற வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். பித்தளை மின்னுகிறது. நடுவில் இருந்த எஃகு நாக்குகளில் செந்துரு. எது எந்தப் பொத்தானுக்கு உரியது என்று யாருக்கும் தெரியாது. தோல் துருத்தி சோப்புத் தண்ணீரில் முங்கி, கொடியில் கிளிப் மாட்டித் தொங்குகிறது. உள் அட்டை ஊறி உப்பி, மடிப்பெல்லாம் விட்டுப்போயிருந்தது.

அமிலம் உலோகத்தை என்ன செய்யும், ஈரம் இரும்பை என்ன செய்யும்: எல்லாம் நான் நடத்துகிற பாடம்.

"குத்துவிளக்கு மாதிரி ஆயிடுச்சுல்ல?" என்றார் அக்கா. விரல் நுனியெல்லாம் புளியில் வெளுத்திருந்தது. பாய் என் முகத்தையே பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். பிரியாணி போட்டார்கள். பாதியில் கை கழுவினேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். அழுக்கு என்று சொன்ன என் நாக்கை அறுக்க வேண்டும்.

கும்பகோணம் தாண்டி

அக்காவிடமிருந்து போன். "டீச்சர், ஒண்ணு சொல்ல மறந்துட்டோம். மாமா பினாங்குலேர்ந்து ரெண்டு பொட்டி கொண்டாந்தாங்க. இன்னொண்ணு கூத்தாநல்லூர்ல என் நாத்தனா வீட்டுல இருக்கு. நீங்க கெளம்பின உடனே அவளுக்குச் சொல்லிட்டேன், டீச்சருக்கு ரொம்பப் புடிச்சிருச்சு, இதே மாதிரி நீயும் தேய்ச்சு வையின்னு."

வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்கள் என்று கத்தினேன். காற்றுதான் வந்தது. "பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல டீச்சர். நம்பர் அனுப்புறேன், நீங்களே பேசிக்குங்க."

நாத்தனாருக்குப் போட்டேன். எடுத்தார். "யாரு? சத்தமா பேசுங்க." கத்தினேன். காற்று. மறுபடி கத்தினேன். காற்று.

பக்கத்து சீட்டில் மடியில் பூக்கூடையோடு ஒரு அம்மா. "குடு இப்படி. என்ன சொல்லணும்?" காதில் சொன்னேன். போனை வாங்கி அவர் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். "எம்மா! அந்தப் பொட்டிய ஒண்ணும் பண்ணாதீங்க! புளி போடாதீங்க! ஆமா, டீச்சர்தான் சொல்றாங்க!"

கொஞ்ச நேரம் கேட்டார். தலையாட்டினார். பிறகு சந்தோஷமாக என் பக்கம் திரும்பினார்.

"பயப்படாதம்மா. புளி இன்னும் போடலியாம். முதல்ல நல்லா ஊறட்டும்னு தண்ணியிலதான் போட்டிருக்காங்களாம்."