யார் முதலில் விளக்கைத் தாழ்த்துவது

1981, ஆவணி பதினான்கு, இரவு.

இடப்பள்ளியிலிருந்து மகனின் டாக்சியில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பினோம். எதிரே ஒரு லாரி முழு வெளிச்சத்தோடு வந்தது.

"டிம் பண்ணுடா" என்றேன்.

"அவன் முதல்ல பண்ணட்டும்மா. லாரின்னா பெரிய ராஜாவா?"

இவனும் முழு விளக்கிலேயே ஓட்டினான். ரோடே தெரியவில்லை. லாரி கடந்ததும், கையெட்டும் தூரத்தில் மீன்கூடையோடு ஒரு சைக்கிள்காரர். பிரேக் அலறியது.

"கண்ணு காணில்லே சேட்டா?" கண் தெரியலையா அண்ணே என்று மலையாளத்தில் கத்தினார்.

மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பைச் சாகும்வரை மறக்கமாட்டேன். இவன் அப்பாவுக்கும் இதே வீம்பு.

நாளை கோயம்புத்தூரில் இவன் மகளுக்கு, என் பேத்திக்கு, வளைகாப்பு. முடிந்ததும் ராத்திரியே அவளைப் பிரசவத்துக்கு இங்கே கூட்டிவருவானாம். பாலக்காடு வழியெல்லாம் லாரிதான். முன்சீட்டில் நான்தான் உட்காரப்போகிறேன். ஆனால் டிம் சுவிட்ச் அவன் காலடியில் அல்லவா இருக்கிறது, என் கை எப்படி எட்டும்?