அனுஷத்து மகிழம்

என் அருமை மதினிக்கு,

சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. குற்றாலம் போகிற வண்டிகளை இந்த வருஷமும் நம் தெருவழியாகத்தான் திருப்பி விடுகிறார்கள். ஒதுங்கி நின்று வழி கேட்பவர்களைத்தான் காணோம். ஒதுங்க மரங்கள் வேண்டுமே.

உங்களிடம் இதை எப்படிச் சொல்ல? நம் தெருவுக்கு எந்த மரம் வைக்கலாம் என்று இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினோமே. மேலே மின்கம்பி, கீழே குடிநீர்க் குழாய், ஆனி ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து அடிக்கும் காற்று. தாவரவியல் படித்த திமிரில், இதையெல்லாம் தாங்கும் மரங்களாக நான் அடுக்கினேன். "தாங்குறது சரி, வெட்டாம விடுவானா?" என்று கேட்டீர்கள்.

அவரவர் வாசலில் அவரவர் நட்சத்திர மரம். தன் நட்சத்திரத்தின் மேல் எவனும் கோடாலி வைக்க மாட்டான் என்பது உங்கள் கணக்கு. கம்பிக்கு அடியில் ஆலும் அரசும் ஆகவே ஆகாது என்று நான் அடம்பிடித்தேன். மகத்துக்காரருக்கும் பூசத்துக்காரருக்கும் அவர்கள் மனைவிமாரின் நட்சத்திரத்தைப் பார்த்து மரம் கொடுத்துச் சமாளித்தீர்கள். அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம்.

போன மாதம் தெரு ஓரமாகச் சாக்கடைக்கு வாறுகால் கட்ட வந்தார்கள். "மரம் வேணும்னா சொல்லுங்க, வளைச்சுக் கட்டுதோம்" என்றார் மேஸ்திரி. எல்லா வீட்டிலும் வேண்டும் என்றார்கள். நீங்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். ஆனால் தோண்டும்போது வேர்கள் அறுந்துபோய் இலைகள் பழுக்கத் தொடங்கின. தெருவுக்கே பயம் பிடித்துக்கொண்டது.

எதிர்வீட்டு அண்ணாச்சிதான் முதலில் தன் வாசல் கடம்பை வெட்டச் சொன்னார். தண்ணீர் விட்டால் தேறிவிடும் என்று கெஞ்சினேன்.

"எம் மவன் நட்சத்திரம்மா. அவன் துபாய்ல கெடக்கான், இங்கன இது கண்ணு முன்னால காயுது. பாத்துக்கிட்டு எப்படி இருக்கது?"

அப்புறம் புன்னை போனது, விளா போனது, வேம்பும் போனது. நட்சத்திரம் என்பதால் வெட்ட மாட்டார்கள் என்றீர்கள். நட்சத்திரம் என்பதாலேயே வெட்டினார்கள், மதினி.

மிஞ்சியிருப்பது நம் வாசலில் உங்கள் அனுஷத்துக்கு வைத்த மகிழம் மட்டும். அதில் ஓர் இலைகூடப் பழுக்கவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அது பூத்துக் கொட்டியது. நேற்று அண்ணன் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இதையும் எடுத்துருங்க" என்றான். நான் சண்டைக்குப் போனேன்.

"அவ நட்சத்திரம்னுதான வச்சா? அவளே போயிட்டா. இது மட்டும் எதுக்குட்டி பூக்குது?" என்று கேட்டான்.

உதிர்ந்த பூவை வாரும்போது எனக்கும் அதன்மேல் ஆத்திரம்தான் வரும். நான் படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை.

நாளைக் காலையில் ஆள் வரும். நாளை தடுத்தால் இன்னொரு நாள் நான் இல்லாத நேரம் பார்த்து வெட்டுவான். தெரிந்தும் மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்காரத்தான் போகிறேன். இது வெறும் மரம், மதினி இல்லை என்று அவனிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்களோடு தெருத்தெருவாக அலைந்த
உங்கள் நாத்தனார்