மூட்டின வேட்டி

சனிக்கிழமை இரவு

விடிந்தால் எனக்குக் கல்யாணம். கோயிலுக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே படமெடுக்க ஃபோட்டோக்காரர் வருகிறார். அப்பா ஒருதரம் கட்டிப் பார்க்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் தந்த பட்டு வேட்டியை எடுத்து விரித்தால், அதை அவர் லத்தா தெருத் தையல்காரரிடம் கொடுத்து, எங்கள் ஊர்க் கைலியான லோன்ஜி மாதிரி இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டி வைத்திருக்கிறார்!

"வேட்டியை யாராவது மூட்டுவாங்களாப்பா?"

"புதுத் துணிய மூட்டாம எப்படிம்மா கட்டுறது?"

பிறந்ததிலிருந்து லோன்ஜி மட்டுமே கட்டியவர். எரிச்சலோடு தையலைப் பிரிக்க பிளேடைத் தேடி எடுத்தேன். அதற்குள் வேட்டியைத் தலைவழியாக மாட்டி, வயிற்றுக்கு நேரே முடிச்சுப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று சிரித்தார்.

"பாரு, அவிழவே அவிழாது."

பிளேடை வைத்துவிட்டேன். படத்தில் தையல் தெரிந்தால் தெரியட்டும். பிரித்துக் கொடுத்து, அவிழுமோ என்று அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்றால் என்னை எப்படித் தாரை வார்ப்பார்? அதற்கு அவருக்கு இரண்டு கையும் வேண்டும்.